ஊர் வாங்க மறுத்த வரி

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரு ஊர். உங்கள் பெரியப்பா மகள் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அப்போது ஊர் முணுமுணுத்ததோடு சரி. ஆடிக்குப் பெரியப்பா மகளையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்தார், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கு அந்த வீட்டில் தலைக்கட்டு வரி வாங்கக் கூடாது. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. போனால் 5,000 ரூபாய் தண்டம். நீங்கள் கேட்பது இது: "அக்காவுக்குத் தன் விருப்பப்படி வாழ உரிமை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரோடு பழகுவது, யாரோடு பழகாமல் இருப்பது என்று முடிவு செய்ய ஊருக்கும் உரிமை உண்டல்லவா? ஆளாளுக்கு உரிமை, உரிமை என்று போனால் ஊருக்குப் பொதுவான ஒழுக்கம் என்று என்ன மிஞ்சும்?"

முப்பது வருஷத்துக்கு மேல் கறுப்புக் கோட்டு போட்டவன் என்கிற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

வரி வாங்காமல் விடுவது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புரியாது. என்னிடம் ஜூனியராக இருந்த மலையாளிப் பையன் ஒருவன், "பணம் வேண்டாம் என்கிறார்கள், லாபம்தானே சார்?" என்று சிரித்தான். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஓர் ஆணைத் தலையாக வைத்து எண்ணும் குடும்பம். (பெண்ணைத் தலையாக எண்ணாத கணக்கு இது. அது இன்னொரு நாளைக்கான சண்டை.) வரி கொடுத்தவன் கோயில் நோட்டில் இருக்கிறான், கூட்டத்தில் வாய் திறக்கலாம், அவன் வீட்டில் சாவு விழுந்தால் ஊர் திரண்டு வரும். வரி வாங்கவில்லை என்றால், ஆள் உயிரோடு இருக்கும்போதே நோட்டில் பெயரை அடித்துவிட்டார்கள் என்று பொருள்.

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். ஊருக்குப் பொதுவான ஒழுக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும். சாவு வீட்டில் அடுப்பு எரியாத நாளில் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பாடைக்குத் தோள் கொடுக்கச் சொல்லி எந்தக் கோர்ட்டிலும் உத்தரவு வாங்க முடியாது. வாய்க்கால் தண்ணீர் முறை, வரப்பு விட்டுக்கொடுப்பது, கைமாற்று வாங்கியதை ரசீது இல்லாமல் திருப்பித் தருவது, எல்லாமே ஊர் ஒழுக்கத்தில்தான் ஓடுகின்றன. இது இல்லாத இடத்தில் அரசியல் சட்டம் கொடுத்த உரிமையெல்லாம் முத்திரைத்தாள் எழுத்தாகவே கிடக்கும்.

அதற்கு நம் தாலுகாவிலேயே நல்ல சாட்சி இருக்கிறது, பிளாச்சிமடை. பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000-இல் ஒரு பன்னாட்டுக் குளிர்பான ஆலை ஓடத் தொடங்கியது. கொஞ்ச நாளில் சுற்றுவட்டக் கிணறுகளில் நீர் இறங்கியது, இருந்த நீரும் வாயில் வைக்க முடியாமல் போனது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிகள். முன்னால் நின்றவர் இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா. ஆலைத் தரப்பின் வாதம் முழுக்க உரிமை வாதம்தான்: என் நிலம், என் ஆழ்குழாய், நான் இறைக்கிறேன். 2003-இல் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மாதிரி என்றார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு, நில உரிமையாளர் நியாயமான அளவு எடுக்கலாம் என்று சொல்லி நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. ஆனால் 2004 மார்ச்சில் மூடிய ஆலை அதற்குப் பிறகும் முறையாக ஓடவில்லை.

இங்கே உரிமை பேசியவர் பலசாலி. "குடிக்கிற தண்ணியை ஒருத்தர் மட்டும் உறிஞ்சக் கூடாது" என்று பொது ஒழுக்கம் பேசியவர் ஏழை. தனிமனித உரிமை என்றாலே முற்போக்கு, ஊர் ஒழுக்கம் என்றாலே பிற்போக்கு என்று சில வாலிபர்கள் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு மயிலம்மா நினைவுதான் வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "இந்த ஆலை எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லி அவர் பந்தலில் உட்காரவில்லை. தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து காட்டினார்கள், குடித்துப் பார் என்றார்கள். கேடு கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது உங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அக்கா கல்யாணத்தால் யார் கிணறு வற்றியது?

இந்தக் கேள்வியைத் தத்துவமாக எழுதியவர் லண்டனில் இருந்த ஜான் ஸ்டுவர்ட் மில். ஒருவன் மீது சமூகம் வற்புறுத்தலைப் பயன்படுத்தலாம் என்றால் அது பிறருக்கு வரும் தீங்கைத் தடுக்க மட்டுமே, அவனுடைய நன்மைக்காக என்று சொல்லிக்கூடச் செய்யக் கூடாது என்றார். அரசு மட்டும்தான் கொடுமை செய்யும் என்றும் அவர் நினைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் கருத்து என்பது போலீசை விட ஆழமாக உள்ளே நுழையக்கூடியது என்று எச்சரித்தார். அவர் அதை வெளியிட்ட வருஷம் 1859. அதே வருஷம் தெற்குத் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாமா என்பதற்காகக் கலவரம் நடந்துகொண்டிருந்தது. குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுச் சந்தைக்கு வந்த பெண்களின் துணியைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். கிழித்தவர்கள் தங்களை ரவுடிகள் என்று நினைத்துக்கொள்ளவில்லை. நாட்டு வழக்கத்தைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். மதராஸ் கவர்னராக இருந்த டிரெவெல்யனின் நெருக்குதலுக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்று மகாராஜாவின் அறிவிப்பு வந்தது: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. உரிமையைக் கொடுக்கும்போதே ஒரு முழம் துணியை வழக்கத்துக்கு என்று வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

சரியாக நூறு வருஷம் கழித்து, 1959-இல், இங்கிலாந்தில் டெவ்லின் என்ற நீதிபதி மில்லுக்கு எதிர்ப்பக்கம் பேசினார். இருவர் சம்மதத்தோடு தனியறையில் நடக்கும் ஓரினச் சேர்க்கையைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று அங்கே வுல்ஃபெண்டன் குழு 1957-இல் பரிந்துரைத்திருந்தது. டெவ்லின், பொதுவான ஒழுக்க உணர்வுதான் சமூகத்தைக் கட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கயிறு, அது தளர்ந்தால் மனிதர்கள் சிதறிப்போவார்கள், ஆகவே அரசுத் துரோகத்தைத் தடுக்கிற மாதிரியே ஒழுக்கக்கேட்டையும் சட்டம் தடுக்கலாம் என்றார். அவரைக் கேலி செய்ய மாட்டேன். உங்கள் ஊர்க்கூட்டத்துப் பெரியவர்கள் அவர் பெயரைக் கேள்விப்படாமலேயே அதைத்தான் சொல்கிறார்கள்: "இன்னைக்கு இதை விட்டா நாளைக்கு எல்லாம் போயிரும்." ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஹார்ட் என்ற சட்டப் பேராசிரியர் கொடுத்த பதில் எளியது. ஒழுக்கம் மாறுவது வேறு, சமூகம் அழிவது வேறு. சட்டை மாற்றியவன் செத்துவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. 1967-இல் இங்கிலாந்து அந்தச் சட்டத்தை மாற்றியது. நாம் 2018 செப்டம்பர் 6 வரை இழுத்தோம். இரண்டு நாடும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

நம் பக்கத்தில் இதற்கு ஆதாரமாகக் குறளை எடுத்து வீசுவார்கள், நானும் கேட்டிருக்கிறேன். "உலகத்தோடு ஒட்ட ஒழுகல் பலகற்றும் கல்லார் அறிவிலா தார்." எவ்வளவு படித்தாலும் உலகத்தோடு ஒட்டி நடக்கத் தெரியாதவன் அறிவில்லாதவன் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால் படித்த பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். அடுத்த தடவை யாராவது சொன்னால் பரிமேலழகர் உரையைப் பிரித்துக் காட்டுங்கள். உலகத்தோடு ஒட்ட ஒழுகுதல் என்றால் உயர்ந்தோர் பலர் ஒழுகிய வழியில் ஒழுகுதல் என்று எழுதுகிறார். உயர்ந்தோர் என்று அவர் குணத்தைச் சொன்னாரா, குலத்தைச் சொன்னாரா என்று புலவர்கள் வாதிடட்டும். நடைமுறையில் என்ன ஆகியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஊர் என்றால் ஊரில் உயர்ந்த திண்ணை. அந்தத் திண்ணையில் உட்கார முடியாதவர்களின் ஒழுக்கம் "பொது"வில் சேர்வதே இல்லை. உங்கள் மாப்பிள்ளையின் தெருக்காரர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட்டார்களா?

பக்கத்திலிருக்கும் பாலக்காட்டுக் கல்பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் தேரோட்டத்துக்கு எல்லாரும் போகிறோம், மிட்டாய்க் கடை பார்க்கிறோம், அப்பளம் வாங்கி வருகிறோம். 1924-இல் அந்த அக்ரகாரத் தெருவில் ஈழவச் சாதியினர் கால் வைக்கலாமா என்று அடிதடியே நடந்தது. பொதுத்தெருக்களில் யாரும் நடக்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை அதே வருஷம் மதராஸ் சட்டசபை ஏற்றிருந்தும் இந்த நிலை. அக்ரகாரத்துக்காரர்களும் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள்தான், அவர்களும் "எங்கள் தெரு, எங்கள் ஆசாரம்" என்றுதான் சொன்னார்கள். அந்த வருஷம்தான் வைக்கம் போராட்டமும் தொடங்கியது. பெரியார் ஈரோட்டிலிருந்து போய்ச் சிறையில் இருந்தார். 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில், கோயிலைச் சுற்றிய தெருக்களை எல்லாச் சாதிக்கும் திறக்கலாமா என்று ஓட்டெடுத்தார்கள். திறக்கலாம் என்றவர்கள் 21 பேர், கூடாது என்றவர்கள் 22 பேர். தீர்மானம் தோற்றது. ஒரு மனிதன் தெருவில் நடக்கலாமா கூடாதா என்பது அந்த 22-ஆவது ஆள் அன்று காலையில் என்ன மனநிலையில் எழுந்தார் என்பதைப் பொறுத்தது என்றால், அதற்கு உரிமை என்று பெயர் வைக்க முடியாது. கை தூக்கி எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாத விஷயங்கள் சில உண்டு. தனிமனித உரிமை என்று நான் சொல்வது அவற்றை மட்டும்தான், நீளமான பட்டியல் ஒன்றும் கிடையாது. யாரைக் கட்டிக்கொள்வது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற இரண்டும் அந்தக் குட்டிப் பட்டியலில் நிச்சயமாக வரும்.

எல்லையில் வாழ்கிற நமக்கு இன்னொன்றும் விளங்க வேண்டும். ஒழுக்கத்தைச் சட்டமாக்கினால் அது என்ன கோலத்துக்கு வரும் என்பதைச் செக்போஸ்ட்டில் நின்றாலே பார்க்கலாம். சித்தூர்த் தென்னந்தோப்புகளில் இறக்குகிற கள்தான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் வண்டி வண்டியாகப் போகிறது. லைசென்ஸ் இருக்கிறது, ஷாப்பு இருக்கிறது, தொழிலாளிக்கு நலநிதி இருக்கிறது. வேலந்தாவளத்தைத் தாண்டினால் அதே மரம், அதே பாளை, இறக்கினால் கேஸ். தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை. ஆனால் 2003-இலிருந்து சீமைச் சரக்கை அரசே கடை போட்டு விற்கிறது. லாட்டரியும் இப்படித்தான். கேரளம் 1967-இல் அரசுத் துறையாகவே தொடங்கி, 1 ரூபாய்ச் சீட்டுக்கு 50,000 ரூபாய் பரிசு என்று விற்றது. தமிழ்நாடு 2003-இல் குடும்பங்கள் நாசமாகின்றன என்று தடை செய்தது. குடும்பங்கள் நாசமானது உண்மை, எனக்குத் தெரிந்தே இரண்டு வீடு. அதற்காக நம் பக்கத்து எல்லை ஊர்களான கோபாலபுரத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் பஸ் ஏறி வந்து சீட்டு வாங்குகிறவர்கள் குறைந்துவிடவில்லை. இருநூறு மீட்டருக்குள் பாவம் புண்ணியமாகவும் புண்ணியம் பாவமாகவும் மாறுகிற ஊரில் பிறந்துவிட்டு, ஒழுக்கம் என்பது கல்லில் வெட்டியது என்று நாம் பேசினால் நமக்கே சிரிப்பு வரும்.

அரசியல் சட்டத்திலும் "ஒழுக்கம்" என்ற சொல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பேச்சுரிமை பற்றிய 19-ஆவது பிரிவில் இருக்கிறது, மத உரிமை பற்றிய 25-ஆவது பிரிவில் முதல் வரியிலேயே இருக்கிறது. யாருடைய ஒழுக்கம் என்பதுதான் வழக்கு. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதைத் தேடிப் படியுங்கள். அரசியல் சட்ட ஒழுக்கம் என்பது இயல்பாக வரும் உணர்வு இல்லை, பழக்கி வளர்க்க வேண்டியது என்றார். அதே பேச்சில்தான், இந்த வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி என்றும் சொன்னார். கிராமத்தைப் பற்றி அவர் பயன்படுத்திய வார்த்தைகள் காரமானவை. ஊர்ப்பற்று உள்ள எனக்கு முதலில் படித்தபோது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாமல் வளர்ந்தவர் என்று யோசித்தால் அந்தக் காரம் புரியும்.

2018-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லை அடிக்கடி எடுத்தது. சபரிமலை வழக்கில் எல்லா வயதுப் பெண்களையும் விடலாம் என்று நீதிபதிகள் நால்வர் ஒரு பக்கம், நீதிபதி இந்து மல்ஹோத்ரா மறு பக்கம். பல நம்பிக்கைகள் உள்ள நாட்டில் ஒவ்வொருவரும் தம் நம்பிக்கைப்படி நடக்க விடுவதும் அரசியல் சட்ட ஒழுக்கம்தான் என்று அவர் எழுதியதை, பெரும்பான்மைத் தீர்ப்பை ஆதரிப்பவர்களும் ஒரு முறை படிக்க வேண்டும். எனக்கு அவருடைய முடிவில் உடன்பாடு இல்லை. ஆனால் நீதிபதிகளின் ஒழுக்கம் ஊர் ஒழுக்கத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுமோ என்ற கவலை எனக்கும் உண்டு. நான் மனதில் வைத்திருக்கும் தீர்ப்பு இன்னும் பழையது. 1985-இல் கோட்டயம் மாவட்டத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி, மரியாதையாக நின்றவர்களைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று மறுபடி சேர்க்கச் சொன்னார். அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கை எனக்கு விநோதமாகத்தான் படுகிறது. விநோதமாகப் படுகிறது என்பதைத் தவிர எனக்கு அவர்களால் வேறு நஷ்டம் இல்லை.

சரி, உங்கள் கேள்வியின் கூரான முனைக்கு வருவோம். பழகாமல் இருக்க ஊருக்கு உரிமை இல்லையா?

உங்கள் பெரியப்பா வீட்டு விருந்துக்குப் போகப் பிடிக்காத ஒருவர் போகாமல் இருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பத்து பேர் தனித்தனியாக அப்படிச் செய்தாலும் சட்டம் ஒன்றும் செய்யாது, செய்யவும் கூடாது. அன்பைக் கோர்ட்டு உத்தரவு போட்டு வாங்கினால் அது அன்பாக இருக்காது. ஆனால் உங்கள் ஊர் செய்தது அதுவா? போனால் 5,000 தண்டம் என்கிறார்கள். அதாவது, போக ஆசைப்படுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று கூட்டத்துக்கே தெரியும். இல்லாவிட்டால் தண்டம் எதற்கு? எதிர் வீட்டு அம்மா இருபது வருஷமாக உங்கள் பெரியம்மாவோடு உட்கார்ந்து பூ கட்டுகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு யாரோடு பழகுவது என்று தீர்மானிக்க உரிமை இல்லையா? "பழகாமல் இருப்பது ஊரின் சுதந்திரம்" என்கிற வாதம் முதலில் பறிப்பது அந்த அம்மாவின் சுதந்திரத்தை. ஊருக்கு என்று தனியாக ஓர் உடம்பும் மனசும் கிடையாது தம்பி. அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் ஊர்.

சட்டம் இதில் தெளிவாக நின்றதா என்றால், தள்ளாடித்தான் வந்திருக்கிறது. பம்பாய் மாகாணம் 1949-இல் சமூக விலக்கத்தைத் தடுத்துச் சட்டம் போட்டது. தாவூதி போஹ்ரா என்ற முஸ்லிம் பிரிவின் தலைவர் வழக்குப் போட, 1962-இல் உச்ச நீதிமன்றம், விலக்கிவைப்பது அந்தச் சமயப் பிரிவின் மத உரிமை என்று நாலுக்கு ஒன்றாகத் தீர்ப்புச் சொல்லி அந்தச் சட்டத்தை அடித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2023 பிப்ரவரியில் மறுபடி கேள்வி எழுப்பி, ஒன்பது நீதிபதிகள் பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். மகாராஷ்டிரம் 2016-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நமக்கு அது பொருந்தாது. கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும், வயது வந்த இருவரின் கல்யாணத்துக்குக் குடும்பமோ குலமோ சம்மதிக்கத் தேவையில்லை என்று 2018 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்கள் பெரியப்பாவுக்கு நேராகப் பொருந்துவது ஒரு பழைய சட்டம், பலர் மறந்தே போனது. 1955-இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 7-ஆவது பிரிவின் 2-ஆவது உட்பிரிவு. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்த காரணத்துக்காகத் தன் சொந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவருக்கு, அந்தச் சமூகத்தில் அவருக்குரிய உரிமையை மறுத்தாலோ, அவரை விலக்கிவைப்பதில் பங்கெடுத்தாலோ ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். தாழ்த்தப்பட்டவருக்குச் செய்கிற கொடுமையை மட்டும் பார்க்காமல், அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவனைச் சொந்தச் சாதி என்ன செய்யும் என்பதையும் யோசித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். ஆடி விருந்துக்குப் பிறகுதான் கூட்டம் போட்டார்கள் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் வழக்கில் முக்கியம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதேபோல் விலக்கு வைத்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும், அது இன்னும் கடுமையானது.

சட்டம் எப்போதும் தனிமனிதர் பக்கம் நிற்கிறது என்று இதை வைத்து நம்பிவிடாதீர்கள். பதிவுத் திருமணத்துக்கு 30 நாள் நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அது ஒன்று போதும். வேறு துணை உயிரோடு இருக்கிறதா, வயது ஆனதா, நெருங்கிய இரத்த உறவா என்பது மாதிரி சில காரணங்களுக்கு மட்டும்தான் ஆட்சேபணை சொல்லலாம். ஆனால் பெயரும் முகவரியும் ஒரு மாதம் சுவரில் தொங்கும்போது, ஆட்சேபணை எழுதிக்கொடுக்கவா ஆள் வருவான்? வண்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் வருவான். சாதியை மீறிக் கட்டிக்கொண்டவர்களுக்கு உடுமலைப்பேட்டையில் 2016-இல் பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். ஊரின் மூக்குக்கு அரசே தன் சுவரை வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறது என்று நான் சொல்வேன்.

இப்போது என்னைப் பற்றி ஒன்று. 1990-களில் எங்கள் ஊரிலும் ஒரு வீட்டைத் தள்ளி வைத்தார்கள். காரணம் கிட்டத்தட்ட இதேதான். அந்த வீட்டுப் பெரியவர் செத்தபோது எனக்கு வக்கீல் தொழிலில் ஆறு ஏழு வருஷ அனுபவம், மேலே எழுதிய பிரிவெல்லாம் மனப்பாடம். நான் போகவில்லை. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். அம்மா ஒரு பார்வை பார்த்தார், வாசல் வரை போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். புதுநகரத்திலிருந்து தேங்காய் வாங்க வரும் ராவுத்தர் ஒருவர், தன் லோடுமேன்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து பாடை தூக்கினார். அவருக்குத் தலைக்கட்டும் கிடையாது, தண்டமும் கிடையாது. அன்றைக்கு எங்கள் ஊருக்குப் பொதுவாக ஒழுக்கம் என்று ஏதாவது இருந்தது என்றால் அது அவரிடம்தான் இருந்தது. தங்கச்சி கல்யாணம் அந்த இடத்தில் அமையவில்லை, அது வேறு விஷயம்.

அதனால் உங்கள் ஊரில் வாய்மூடி இருக்கிறவர்கள் எல்லாரையும் எதிரிகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதிப் பேர் அன்றைக்கு நான் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். முதலில் அவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள், கூட்டமாகப் பேசாதீர்கள். மனிதர்கள் தனியாக இருக்கும்போது கொஞ்சம் நல்லவர்களாக இருக்கிறார்கள். ஊர் வாட்ஸப் குரூப்பில் தண்டம் பற்றிக் குரல் பதிவு வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை அழியாமல் இரண்டு இடத்தில் எடுத்து வையுங்கள். போலீசுக்கு இப்போதே ஓட வேண்டாம். ஆனால் யாராவது தண்ணீரையோ கடைச் சாமானையோ நிறுத்தினால், அடிக்க வந்தால், அன்றைக்கே போங்கள்.

அப்புறம், நோன்பி சாட்டுவதற்கு முன்னால் பெரியப்பாவை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், சட்டப் பிரிவு எதுவும் வேண்டாம். "எங்கள் தலைக்கட்டு வரி தயாராக இருக்கிறது, எப்போது வாங்கிக்கொள்கிறீர்கள்?" என்று இரண்டே வரி. கோயில் கமிட்டித் தலைவர் பெயருக்கு, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். வாங்கிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது, பெயர் நோட்டில் ஏறிவிடும். "வாங்க மறுத்துவிட்டார்" என்று தபால்காரர் எழுதி, தேதி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், கோபத்தில் அந்த உறையைப் பிரித்துவிடாதீர்கள். ஒட்டியது ஒட்டியபடியே பீரோவில் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.